கடிதம்: நல்ல எஜமானர்கள்

ஐயா,

பாலக்காட்டுச் சிற்றூர் பக்கம் வயல் வைத்திருந்த தமிழ்க் குடும்பம் எங்களுடையது. வயல்வேலைக்கு அடிமைகளாக இருந்த செறுமர் சாதியினரை நாங்கள் வீட்டு ஆட்கள்போல வைத்திருந்தோம், ஓணத்துக்குத் துணியும் நெல்லும் கொடுத்தோம், கொடுமை செய்தது கப்பலில் ஏற்றிப்போன வெள்ளைக்காரன்தான் என்பார் பாட்டி. இது எவ்வளவு உண்மை?

ர., பாலக்காடு

அன்புள்ள ர.,

துணி கொடுத்திருப்பார்கள். கப்பலும் உண்மைதான். 1663-ல் கொச்சியைப் பிடித்த டச்சுக்காரர்கள் மலபார் கரை ஆட்களைத் தென்னாப்பிரிக்கா வரை கொண்டுபோய் விற்றார்கள். அங்கே பழைய பதிவேடுகளில் புதுப்பெயரோடு கொச்சி என்ற ஊர்ப்பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆனால் 1800-ல் கோவையிலிருந்து உங்கள் பாலக்காடு வழியாக மலபாருக்குள் வந்த, கிழக்கிந்தியக் கம்பெனிக்காக நாட்டை ஆராய்ந்த பிரான்சிஸ் புக்கானன் எழுதியதைப் பாருங்கள். செறுமரை மூன்று விதமாகக் கைமாற்றினார்கள். ஜன்மம் என்றால் ஒரேயடியாக விற்பது. காணம் என்றால் கடனுக்கு ஈடாகக் கொடுப்பது. பாட்டம் என்றால் வாடகைக்கு விடுவது. வாடகை ஆணுக்கு வருடம் 8 பணம் (அக்கால நாணயம்), பெண்ணுக்கு அதில் பாதி. பின்னிரண்டையும் அவர் மிகக் கேவலமானவை என்கிறார். காரணம் எளிது: வேலை வாங்குபவனும் சோறு போடுபவனும் ஒருவனே, ஆள் அவனுக்குச் சொந்தமில்லை. வேலையைக் கூட்டுவதிலும் நெல்லைக் குறைப்பதிலும்தான் அவனுக்கு லாபம். வேலை செய்யமுடியாத கிழவர்களுக்கு நெல் பாதி அளவுதான், கைக்குழந்தைக்கு ஒன்றுமே கிடையாது என்றும் எழுதியிருக்கிறார்.

உங்கள் முன்னோர் எவ்வளவு நல்லவர்களாக இருந்திருந்தாலும், ஒரு வருடம் விளைச்சல் பொய்த்துக் கடன் ஏறினால் அந்த ஆள் யார் கைக்கும் போகலாம். ஓணத்துணி அதைத் தடுக்காது. எனக்கு இதுதான் முக்கியம்.

கம்பெனி மட்டும் என்ன செய்தது? நிலவரி பாக்கிக்கு அடிமைகளை ஏலம் விட்டது. 1819-ல்தான் மலபாரில் அதை நிறுத்த உத்தரவு வந்தது. கண்ணூர் அருகே அஞ்சரக்கண்டியில் மர்டாக் பிரவுன் என்ற வெள்ளைக்காரரின் தோட்டத்தில், திருவிதாங்கூரிலிருந்து கடத்திக்கொண்டுவரப்பட்டவர்கள் வேலை செய்ததை 1811-ல் கண்டுபிடித்தவர் தாமஸ் பேபர் என்ற கம்பெனி அதிகாரியேதான். அவரை நான் மிகவும் மதிக்கிறேன்.

சரி, பிறகு கம்பெனி ஆட்சியில் 1843 சட்டம் வந்தது. அடிமைமேல் எஜமானுக்குள்ள உரிமையை இனி நீதிமன்றம் ஏற்காது என்றது. ஆனால் அடிமை வைத்திருப்பதைக் குற்றமாக்கவில்லை. தனி அரசாக இருந்த திருவிதாங்கூர் அடிமைமுறையை ஒழிக்க 1855 வரை இழுத்தது.

உங்கள் வீட்டில் பழைய காணப் பத்திரங்கள் இருந்தால் எடுத்துப் பாருங்கள். நிலத்தோடு ஆட்களும் எழுதப்பட்டிருக்கலாம். பெயர்கள் இருந்தால் அவற்றைப் படியெடுத்து வையுங்கள். அவர்களின் வம்சத்தார் அதே ஊரில் இருக்கலாம், அவர்களுக்கும் காட்டுங்கள்.