பொழுதோட பத்துப் பக்கம்

(வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதுபவர், காங்கேயம் பக்கத்துக் கிளை நூலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்.)

கேள்வி: உங்களுக்கு ரொம்பப் பிடித்த கொங்கு நாவல் எது? எத்தனை தடவை படித்திருக்கிறீர்கள்?
- வாசகி, பல்லடம்

பதில்: ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்'. 1942இல் வந்தது. தமிழின் முதல் வட்டார நாவல் என்று பலரும் சொல்வது இதைத்தான். மூன்று தடவை கண்ணால் படித்தேன், ஒரு தடவை வாயால்.

என் மாமியாருக்கு எழுத்துத் தெரியாது. கண்புரை ஆபரேஷன் முடிந்து டிவி பார்க்க வழியில்லாமல் கட்டிலில் கிடந்தார். பொழுதோட பாலைக் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வந்து, வாசலில் உட்கார்ந்து தினமும் பத்துப் பக்கம் வாசித்துக் காட்டினேன். நாகம்மாள் புருஷனை இழந்தவள். கொழுந்தன் சின்னப்பனோடு ஒரே பண்ணையம். நிலத்தில் தன் பங்கைப் பிரித்துக் கொடு என்கிறாள். கெட்டியப்பன் என்கிற முரடன் அவளைத் தூண்டிவிடுகிறான். நான் படித்த மூன்று தடவையும் சின்னப்பன் கட்சிதான். நல்லாயிருந்த குடும்பத்தை இவள் கெடுத்தாளே என்று கோபம்.

அத்தை நாலாம் நாளே சொல்லிவிட்டார்: "பங்கு கேட்டதுல என்ன அம்மணி தப்பு? அவளுக்கும் ஒரு பொட்டப்புள்ள இருக்குதல்ல?"

பங்கு வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கைநாட்டு வைத்துவிட்டு, பிறந்த வீட்டு மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் ஒரு சென்ட் கூட இல்லாமல் வந்தவர் அவர். பெண்ணுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 1989இல். அதற்கு முன்பே கல்யாணம் ஆனவர்களுக்கு அந்தச் சட்டத்தில் இடமிருக்கவில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த நாவலோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை, பாருங்கள். புத்தகங்களுக்கு நடுவிலேயே காலம் தள்ளியவள் நான்!

முடிவைச் சொல்ல மாட்டேன். அன்றைக்கு ராத்திரி அத்தை சோறு உண்ணவில்லை.

கேள்வி: வட்டார வழக்கு நாவல்கள் எனக்குப் புரிவதில்லை. அகராதியோடு உட்கார வேண்டுமா?
- சென்னையில் வேலை பார்க்கும் திருச்செங்கோட்டு வாசகர்

பதில்: திருச்செங்கோட்டுக்காரரே இப்படிக் கேட்டால் நான் எங்கே போவேன்? அகராதியும் உங்கள் பக்கத்துக்காரர் தொகுத்ததுதான்: பெருமாள்முருகனின் 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி'. ஆனால் அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அவருடைய 'கூளமாதாரி'யை எடுத்து, ஆடு மேய்க்கும் பையன்கள் பேசுகிற இடத்தை முணுமுணுத்துப் படியுங்கள். வெசனம் (கவலை), ஒறம்பறை (சொந்தக்காரர்) மாதிரிச் சொற்கள் எழுத்தில்தான் முரண்டு பிடிக்கும், காதில் விழுந்தால் உங்கள் அப்பத்தா குரலாகிவிடும்.

கேள்வி: சமீபத்தில் படித்தது?
- வாசகர், கோபி

பதில்: தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்'. 2023ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. தலைப்பு, 'யாதும் ஊரே' புறநானூற்றுப் பாட்டில் வருகிற வரி. நாவிதர் குடும்பத்துக் காரு மாமாவின் சாவைச் சுற்றிச் சொந்தபந்தங்களின் கதை விரிகிறது. ஆரம்பத்தில் யார் யாருக்கு என்ன உறவு என்று குழம்பிப்போய், தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் வம்சாவளி போட்டு வைத்துக்கொண்டேன். பாதிக்கு மேல் அந்தத் தாள் தேவைப்படவில்லை. எழவு வீட்டில் அழுகையும் சாப்பாட்டு ஏற்பாடும் பழைய வன்மமும் ஒரே நேரத்தில் நடக்குமே, அதை இத்தனை பொறுமையாக எழுதியதற்கே விருது கொடுக்கலாம்.

கேள்வி: இரவல் கொடுத்த புத்தகம் திரும்பி வர என்ன வழி?
- வாசகி, பவானி

பதில்: நூலகத்திலாவது அபராதம் போடலாம், வீட்டில் என்ன செய்வது? திருப்பூர்ச் சாயக்கழிவைப் பற்றி சுப்ரபாரதிமணியன் எழுதிய 'சாயத்திரை'யை வாங்கிப் போன பனியன் கம்பெனிக்காரர் ஒருவர், "ஒரு வாரத்துல தந்தர்றனுங்க" என்றார். வருஷம் ஆறாகிறது. இதை அவர் படித்தால், ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்கு நான் வருவேன். கையோடு கொண்டுவரட்டும், ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்.