மகள் நகரமைப்பு படிக்கட்டுமா? கடலூர் அப்பா ஒருவருக்குப் பதில்

ஐயா, வணக்கம்.

சனிக்கிழமை மஞ்சக்குப்பத்தில் என் படிப்பு ஆலோசனை அலுவலகத்துக்கு மகளோடு வந்திருந்தீர்கள். "சிவில் எடு என்றேன், ஆர்கிடெக்ட் ஆகு என்றேன். இரண்டும் வேண்டாம், பிளானிங் என்கிறாள். வீட்டுக்கு பிளான் போட நாலு வருடமா?" என்று கேட்டீர்கள். திருப்பாப்புலியூரில் சிமெண்ட், கம்பிக் கடை நடத்துகிறவர் நீங்கள். நீங்கள் பார்த்த பிளான் அதுதான். வாசலில் அடுத்தவர் காத்திருந்ததால் அன்று அரைகுறையாகப் பேசி அனுப்பிவிட்டேன்.

உங்கள் கடைக்கு வருகிறவர்கள் மனையைப் பற்றிப் பேசும்போது முதலில் என்ன கேட்கிறார்கள்? "டிடிசிபி அப்ரூவல் இருக்கிறதா?" என்றுதானே? நகர் ஊரமைப்பு இயக்ககத்தைத்தான் அப்படிச் சொல்கிறோம். மனைப்பிரிவில் சாலை எத்தனை அடி, பூங்காவுக்கு எவ்வளவு இடம், அந்த நிலம் குடியிருப்புக்கா தொழிற்சாலைக்கா என்பதையெல்லாம் பார்ப்பது நகரமைப்பாளரின் வேலை. ஆர்கிடெக்ட் வீட்டைப் பார்க்கிறார். இவர் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருப்பதைப் பார்க்கிறார்.

நீங்கள் போனில் பேச வெளியே போனபோது உங்கள் மகள் ஒரு நோட்டைக் காட்டினாள். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கொட்டித் தீர்த்தபோது உங்கள் தெருவில் எந்த வீட்டுக்குள் முதலில் தண்ணீர் நுழைந்தது என்று வரிசையாகக் குறித்து வைத்திருக்கிறாள். பழைய வீடுகளுக்குத்தான் முதலில். காரணத்தையும் அவளே எழுதியிருக்கிறாள்: சுரண்டாமல் மேலே மேலே போட்ட சாலை. உங்கள் அம்மா மருமகளாக வந்தபோது மூன்று படி ஏறிப் போன வீடாம் அது. இப்போது தெருவிலிருந்து ஒரு படி இறங்க வேண்டியிருக்கிறதாம். பதினேழு வயதுப் பிள்ளை படிகளை எண்ணியிருக்கிறாள், ஐயா. இருபது வருடமாக இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், "எதில் சம்பளம் அதிகம்?" என்று கேட்காமல் நோட்டைத் திறந்த பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இந்தத் துறையில் பெரிய பெயர் பேட்ரிக் கெடஸ். 1854இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். உயிரியல் படித்தார், பட்டம் வாங்கவில்லை. ஆனாலும் டண்டீயில் தாவரவியல் பேராசிரியராக இருந்தார். செடியையும் அது நிற்கும் மண்ணையும் பார்த்த கண்ணோடுதான் ஊர்களைப் பார்த்தார். 1914இல், அறுபது வயதில், இந்தியாவுக்குக் கிளம்பினார். அவர் சேர்த்து வைத்திருந்த நகரக் கண்காட்சிப் பொருள்களை ஏற்றி வந்த கப்பலை எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் மூழ்கடித்துவிட்டது. ஆமாம், சென்னை மீது குண்டு போட்ட அதே எம்டன்தான். (கண்டிப்பான அப்பாக்களுக்கு அந்தப் பெயரை வைக்கிறோமே, உங்களைச் சொல்லவில்லை.) மனிதர் அசரவில்லை, வேறு படங்களும் வரைபடங்களும் வரவழைத்து 1915இல் சென்னையில் கண்காட்சியை நடத்திவிட்டார்.

பிறகு தஞ்சாவூர், மதுரை என்று நம் ஊர்த் தெருக்களில் நடந்து நடந்து அறிக்கை எழுதினார். நெரிசலான பகுதியை இடித்து நேராக அகலச் சாலை போடுவதுதான் அன்றைய வழக்கம். அவரோ, பாழடைந்த ஓரிரு வீட்டை மட்டும் எடுத்து, கிடைத்த இடத்தில் மரம் நட்டு, சந்துகளுக்குக் காற்று விட்டால் போதும் என்றார். செலவு குறைவு, குடியிருப்பவர்களையும் துரத்த வேண்டாம். இந்தூரில் பிளேக் பரவியபோது தீபாவளி ஊர்வலம் ஒன்றை ஏற்பாடு செய்தார். எந்தப் பாதையில் வீடுகள் அதிகம் சுத்தமாகின்றனவோ அந்த வழியாகத்தான் ஊர்வலம் வரும் என்று அறிவித்தார். ஊரே குப்பையை வெளியே கொட்டியது. ஊர்வலத்தில் ஒரு பெரிய எலி பொம்மை வந்தது. துப்புரவுப் பணியாளர்கள் புத்தாடையில், மரியாதையோடு நடந்துவந்தார்கள். நம் போகியை நகரமைப்பாக மாற்றியது போலத்தான். 1919இல் பம்பாய் பல்கலைக்கழகத்தில் சமூகவியல், குடிமையியல் பேராசிரியர் ஆனார். தெருவில் கற்றதை வகுப்பில் சொல்வது, வகுப்பில் எழுந்த கேள்வியோடு மறுபடி தெருவுக்குப் போவது: இந்தத் துறை ஆசிரியரின் வாழ்க்கை இன்றும் ஏறக்குறைய இதுதான்.

இனி நடைமுறை. பிளஸ் டூவில் கணிதம் இருக்க வேண்டும், அவளிடம் இருக்கிறது. ஜேஇஇ மெயின் நுழைவுத் தேர்வில் 2பி தாள் பி.பிளான் என்ற நகரமைப்பு இளநிலைப் படிப்புக்கு உரியது, 2ஏ ஆர்கிடெக்ட் படிப்பான பி.ஆர்க்குக்கு. விண்ணப்பத்தில் இதை மாற்றி டிக் செய்துவிட்டு என்னிடம் அழுதுகொண்டு வந்தவர்கள் உண்டு. டெல்லி, போபால், விஜயவாடாவில் இருக்கும் மத்திய அரசின் திட்டமிடல், கட்டடக்கலைப் பள்ளிகளில் பி.பிளான் நான்கு ஆண்டு. விஜயவாடா நமக்குப் பக்கம். அதன்பின் முதுநிலைப் படிப்பான எம்.பிளான் இரண்டு ஆண்டு. சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்திலேயே இருக்கிறது. கல்லூரியில் கற்பித்துப் பேராசிரியர் வரை போக ஆசைப்பட்டால் முனைவர் பட்டமும் வேண்டும். அந்தப் பாதை நீளம். முப்பது வயதை ஒட்டித்தான் நிலைகொள்ளும். கல்யாணப் பேச்சு எடுக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பையனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இதே படிப்பைக் கேட்டு வந்தவனை "சிவில் பாதுகாப்பு" என்று திருப்பிவிட்டேன். நான்கு வருடம் பிடிக்காமல் படித்தான். சிவில், ஆர்க்கிடெக்சர், புவியியல், பொருளாதாரம் படித்தவர்களும் எம்.பிளான் சேரலாம் என்பதால் தப்பித்தான். இப்போது நகரமைப்பு கற்பிக்கிறான். பொங்கலுக்குப் போன் செய்வான். குறை சொன்னதில்லை. சொன்னால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும்.

வேலை? 2021இல் மத்திய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக்கின் அறிக்கை ஒன்று வந்தது. மாநில நகரமைப்புத் துறைகளுக்கு 12,000க்கும் மேல் நகரமைப்பாளர் பணியிடங்கள் தேவை, ஒப்புதல் பெற்றவை 4,000க்கும் குறைவு, அவற்றிலும் பாதி காலி என்றது. தேவை இருக்கிறது என்பதற்காக வேலை வாசலில் நிற்கிறது என்று நினைக்காதீர்கள். அரசுத் தேர்வு அறிவிப்பு எந்த வருடம் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. தனியார் ஆலோசனை நிறுவனங்களில் திட்டம் முடிந்தால் ஊர் மாற வேண்டிவரும். இன்னொன்று: ஆர்கிடெக்டுகளுக்கு 1972ஆம் ஆண்டுச் சட்டமும் பதிவும் இருக்கின்றன, நகரமைப்பாளருக்கு அப்படி இல்லை. அதனால் கண்ட கல்லூரியில் சேர்க்காதீர்கள். 1951இல் தொடங்கிய இந்திய நகரமைப்பாளர் நிறுவனம் அங்கீகரித்த படிப்பா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

கடலூர் 2021இல் மாநகராட்சி ஆகிவிட்டது. பக்கத்தில் புதுச்சேரியில் நேர்கோட்டுத் தெருக்களைப் பார்க்க எங்கிருந்தோ வருகிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளை அங்கே அழைத்துப் போங்கள். கால்வாயின் இரண்டு பக்கமும் நடந்து பாருங்கள். ஒரு பக்கம் தமிழர் தெருக்களின் திண்ணை, மறுபக்கம் பிரெஞ்சுக்காரர்களின் மதில். அவள் பேசட்டும், நீங்கள் கேளுங்கள்.

அடுத்த முறை வரும்போது நோட்டையும் எடுத்துவரச் சொல்லுங்கள். முடிந்தால் உங்கள் அம்மாவும் வரட்டும். கடைசிப் பக்கத்தில் ஒரு வாய்க்காலை வரைந்து பாதியில் கேள்விக்குறி போட்டிருக்கிறாள். அது எந்த இடத்தில் கெடிலம் ஆற்றில் போய்ச் சேர்ந்தது என்று பாட்டிக்குத்தான் தெரியும் என்றாள்.