மேலே எறிந்த பந்து: மலையகப் பிள்ளைகளின் கேள்விகளும் பதில்களும்

தலவாக்கலை: சேர், உச்சியில் பந்தின் வேகம் பூச்சியம். அப்போ ஆர்முடுகலும் (வேகம் மாறும் வீதமும்) பூச்சியம்தானே?

இல்லை தம்பி. உச்சியிலும் ஆர்முடுகல் கீழ்நோக்கி 10 மீற்றர்/செக்கன்²தான். அது பூச்சியமானால் பந்து அந்தரத்திலேயே நின்றுவிடும். கையை விட்ட கணம் முதல் நிலத்தைத் தொடும் வரை ஆர்முடுகல் மாறாது, மாறுவது வேகம்.

ஹட்டன்: 20 மீற்றர் உயரமான செங்குத்து மேட்டின் விளிம்பிலிருந்து 15 மீற்றர்/செக்கன் வேகத்தில் பந்தை நேரே மேலே எறிந்தால், அடிவாரத்தில் விழ எவ்வளவு நேரம்? எனக்கு வர்க்கமூலத்துக்குள் மறை எண் வருகிறது, சேர்.

20ஐ நேர்க்குறியோடு போட்டிருக்கிறீர்கள் தங்கச்சி. கணக்கைத் தொடங்குமுன் தாளில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி கீறி, பக்கத்தில் + போடுங்கள். பிறகு எல்லாக் குறியும் அந்த அம்பைப் பார்த்துத்தான். ஆர்முடுகல் −10. பந்து விழுவது எறிந்த இடத்துக்குக் கீழே, ஆகவே இடப்பெயர்ச்சி −20. பந்து ஓடிய தூரம் இங்கே வேண்டாம்.

இடப்பெயர்ச்சி = தொடக்க வேகம் × நேரம் + ½ × ஆர்முடுகல் × நேரம்², ஆகவே:

−20 = 15 × நேரம் − 5 × நேரம்²

5ஆல் வகுத்து ஒழுங்குபடுத்தினால்: நேரம்² − 3 × நேரம் − 4 = 0

காரணிப்படுத்தினால் 4, −1. எறியுமுன் உள்ள −1ஐ விடுங்கள். விடை 4 செக்கன்.

சரிபார்க்காமல் அடுத்த வினாவுக்குப் போகாதீர்கள். விழும்போது வேகம் 15 − 40 = −25. நேரம் வராத சமன்பாட்டில் (இறுதி வேகம்² = தொடக்க வேகம்² + 2 × ஆர்முடுகல் × இடப்பெயர்ச்சி) 15² + 2 × 10 × 20 = 625, அதாவது 25². பொருந்துகிறது.

உங்களுக்கு வந்த மறை எண்ணுக்கும் அர்த்தம் உண்டு. +20 போட்டால், பந்து 20 மீற்றர் மேலே எப்போது போகும் என்று கேட்டதாகிவிடும். இது ஏறுவதே 15² ÷ (2 × 10) = 11.25 மீற்றர்தான். போகாத இடத்துக்கு நேரம் எப்படி வரும்?

ஏற்றத்துக்கு 1.5, இறக்கத்துக்கு 2.5 செக்கன் என இரண்டாகப் பிரித்தும் செய்யலாம். பிழையில்லை, ஆனால் வேலை கூட.

பண்டாரவளை: 20 மீற்றர்/செக்கனில் எறிந்த பந்து 15 மீற்றர் உயரத்தில் இருப்பது 1 செக்கனிலா, 3 செக்கனிலா?

இரண்டிலும். ஏறும்போது ஒரு தடவை (வேகம் +10), இறங்கும்போது மறு தடவை (−10). வினா "மேலே செல்கையில்" என்றால் மட்டும் 1ஐ எழுதுங்கள்.

நுவரெலியா: நாங்கள் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறோம். ஜீயை (புவியீர்ப்பு ஆர்முடுகலை) 10 என்று எடுக்கலாமா?

தாராளமாக எடுக்கலாம். அந்த உயரத்தால் குறைவது 0.006 அளவுதான். 9.8ஐ 10 ஆக்குவதே அதைவிட முப்பது மடங்குக்கு மேற்பட்ட மாற்றம். வினாத்தாளில் 9.8 என்று தந்திருந்தால் அதையே போடுங்கள்.