மின்னஞ்சல் ஹெடரில் உள்ள தேதியைப் படிக்கும்போது நேரம் ஏன் பிசகுகிறது?

பைத்தானில் எழுதிய நிரல் மின்னஞ்சலின் 'டேட்' ஹெடரை (அஞ்சலின் தலைப்பகுதியில் அனுப்பிய தேதியைச் சொல்லும் வரியை) படித்துத் தரவுத்தளத்தில் சேமிக்கிறது. உங்கள் கணினியில் நேரம் சரியாக வருகிறது, சர்வரில் ஏற்றியதும் ஐந்தரை மணி நேரம் பிசகுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பார்ஸ்டேட் என்னும் பழைய செயற்கூறு தரும் விடையை, தேதியைக் கணினியின் நொடிக்கணக்காக மாற்றும் எம்கேடைம் என்னும் செயற்கூற்றிடம் கொடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பார்ஸ்டேட், வரியின் இறுதியில் உள்ள +0530 என்னும் நேர வித்தியாசத்தை உதறிவிடுகிறது. எம்கேடைம், மிஞ்சிய மணியை நிரல் ஓடும் இயந்திரத்தின் உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்கிறது. உங்கள் கணினியும் அனுப்புநரும் ஒரே நேர மண்டலத்தில் இருக்கும்வரை பிழை ஒளிந்துகொள்ளும். யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) ஓடும் சர்வரில் வெளிப்பட்டுவிடும்.

மின்னஞ்சலுக்கான தரநிலையான ஆர்எஃப்சி 5322 வகுத்துள்ள வடிவத்தில், இறுதியில் வரும் நான்கு இலக்கங்கள் இல்லாமல் அந்தத் தேதிக்குப் பொருளே இல்லை. மார்ச் 5 காலை 09:15 +0530 என்பதும் மார்ச் 4 இரவு 22:45 -0500 என்பதும் ஒரே கணம்தான். இரண்டும் யூடிசியில் மார்ச் 5, 03:45. அந்த நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு மணி, அடுத்த இரண்டு நிமிடம். இதைத் தாமே பிரித்தெடுக்க முனைபவர்கள் எதிர்க்குறியில் சறுக்குவார்கள்: -0330 ஐ -330 என்ற முழு எண்ணாக்கிப் பைத்தானில் 100 ஆல் வகுத்தால் ஈவு -4, மீதி 70, கூட்டிப் பார்த்தால் 210 நிமிடம் பின்தங்க வேண்டிய இடத்தில் 170 நிமிடமே வரும். குறியைத் தனியே எடுத்துவைத்த பிறகே வகுக்க வேண்டும். அதைவிட, பார்ஸ்டேட்_டு_டேட்டைம் என்னும் செயற்கூற்றிடம் இந்த வேலையை விட்டுவிடுவதே நல்லது.

அதிலும் ஒரு கண்ணி உண்டு. +0000 என்றால் அனுப்பிய இடத்தின் நேரமே யூடிசியோடு ஒத்திருக்கிறது என்று பொருள். -0000 என்றால் நேரம் யூடிசியில் தரப்பட்டுள்ளது, அனுப்பியவரின் உள்ளூர் நேரம் பற்றித் தகவல் இல்லை என்று பொருள். பின்னதைச் சந்திக்கும்போது பைத்தான் நேர மண்டலம் இல்லாத டேட்டைம் (தேதியும் நேரமும் சேர்ந்த மதிப்பு) ஒன்றைத் திருப்பித் தருகிறது. அதை மற்றவற்றோடு சேர்த்து வரிசைப்படுத்த முயன்றால் டைப்எரர் என்னும் பிழை எழும். அதற்கு யூடிசியை ரீப்ளேஸ் என்னும் செயற்கூறு மூலம் ஒட்டுங்கள். நேர மண்டலத்தை மாற்றும் அஸ்டைம்ஜோனை நேரடியாக அழைத்தால், அது மறுபடியும் இயந்திரத்தின் உள்ளூர் நேரத்தையே கணக்கில் கொண்டு பழைய பிழையைத் திரும்பக் கொண்டுவரும்.

ஹெடர் தேதியின் பின் அடைப்புக்குறிக்குள் வரும் ஐஎஸ்டி போன்ற குறுக்கங்கள் வெறும் குறிப்புகள், அவற்றைப் பொருட்படுத்தாதீர்கள். இந்தியா, இஸ்ரேல், அயர்லாந்து மூன்றும் அதே மூன்றெழுத்தைப் பயன்படுத்துகின்றன. பழைய அஞ்சல்களில் ஆண்டு இரண்டே இலக்கத்தில் இருந்தால், 00 முதல் 49 வரை 2000 ஐயும், 50 முதல் 99 வரை 1900 ஐயும் கூட்ட வேண்டும் என்பது விதி.

இத்தனையும் சரியாகச் செய்தாலும், 'டேட்' ஹெடர் அனுப்புநரின் கணினி சொல்வது மட்டுமே. அதன் கடிகாரம் தவறாக இருக்கலாம், வேண்டுமென்றே மாற்றப்பட்டும் இருக்கலாம். எனவே, அஞ்சல்கள் வந்த வரிசை முக்கியமென்றால் 'ரிசீவ்டு' ஹெடரைப் பாருங்கள். ஒவ்வொரு சர்வரும் தன் வரியை மேலே சேர்ப்பதால், உச்சியில் இருப்பது வழக்கமாக உங்கள் சர்வர் எழுதியதாக இருக்கும். அதன் கடைசி அரைப்புள்ளிக்குப் பின் வருவதுதான் தேதி. சர்வரில் உள்ள அஞ்சல்களைப் படிக்க உதவும் ஐமேப் என்னும் நெறிமுறை வழியாகப் படிப்பவர்களுக்கு, அஞ்சல் வந்த நேரத்தைச் சர்வரே குறித்துவைக்கும் இன்டர்னல்டேட் இருக்கிறது, அதுவே எளிது.

சேமிக்கும்போது யூடிசி கணத்தை ஒரு நெடுவரிசையிலும், ஹெடரில் இருந்த நேர வித்தியாசத்தை இன்னொன்றிலும் வையுங்கள். அனுப்பியவருக்கு அப்போது காலையா நள்ளிரவா என்பதை இரண்டாவது இல்லாமல் பின்னர் மீட்க முடியாது. ஆனால் அதிலிருந்து அவர் இருக்கும் ஊரை ஊகிக்க வேண்டாம்: +0100 என்பது குளிர்காலப் பாரிஸாகவும் இருக்கலாம், கோடைகால லண்டனாகவும் இருக்கலாம்.