செம்பு அடிக்கக் கற்பது – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

கைத்தொழில்கள் பற்றி நீங்கள் எழுதுவதைப் படித்துப் படித்து, செம்புப் பாத்திரம் அடிக்கக் கற்றுக்கொள்ளும் ஆசை வந்துவிட்டது. வயது 40-ஐ நெருங்குகிறது. கணினி முன் உட்காரும் வேலை, குடும்பத்தில் யாரும் சுத்தியல் பிடித்ததில்லை. காணொளிகளைப் பார்த்துத் தகடும் சுத்தியலும் வாங்கி ஒரு சின்னக் குடம் செய்யப் பார்த்தேன், கிண்ணமாகக்கூட வரவில்லை. குழிவதற்குப் பதில் அகலமாகிக்கொண்டே போகிறது, கொஞ்சம் எழும்பியதும் விளிம்பு வெடித்துவிடுகிறது. தகடு மட்டமா, என் கை மட்டமா? குரு இல்லாமல் இதைக் கற்க முடியுமா, அல்லது பரம்பரையாகச் செய்பவர்களுக்குத்தான் கைவருமா? கடைசியாக ஒன்று: ஒரு கிண்ணம் தேறிவிட்டால் அதில் சாப்பிடலாமா?

வி.

அன்புள்ள வி.,

தகட்டின் மேல் பழி போட வேண்டாம், கையின் மேலும் வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இரண்டு விஷயங்கள் நடக்கின்றன. அடி விழ வேண்டிய இடத்தில் விழவில்லை. அப்புறம், தகட்டைப் போதுமான தடவை நெருப்பில் காட்டவில்லை. முதலாவது பழகப் பழகச் சரியாகிவிடும். இரண்டாவதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் காணொளிகளில் வெட்டிவிடுவது அதைத்தான். பத்து நிமிடத்தில் ஒரு குடம் எழும்பி வருவதைக் காட்டுகிறார்கள், நடுவில் எத்தனை முறை அடிப்பதை நிறுத்தி, சூடாக்கி, குளிர வைத்து, கழுவித் துடைத்து மறுபடி உட்கார்ந்தார்கள் என்பதைக் காட்டுவதில்லை. பார்ப்பவருக்கு இது சுத்தியல் வேலை என்றே தோன்றும். பாதி வேலை உலையில் இருக்கிறது.

செம்பு அடிக்க அடிக்க இறுகும். உள்ளே அணுக்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன, ஒவ்வொரு அடியிலும் ஓர் அடுக்கு இன்னொன்றின் மேல் வழுக்கி நகர்வதால்தான் தகடு வளைந்து கொடுக்கிறது. நகர நகர அந்த அடுக்குகளில் கோளாறுகள் பெருகி, ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு, ஒரு கட்டத்தில் நகரவே இடமில்லாமல் போகிறது. அதற்குமேலும் அடித்தால் தகடு கிழிவதைத் தவிர வேறு வழியில்லை. சூடாக்கினால் சிக்கல் அவிழ்ந்து புதிய படிகங்கள் உருவாகின்றன, செம்பு பழையபடி இளகிவிடுகிறது.

செம்பு உருகுவது 1085 டிகிரி செல்சியஸில். இளக்குவதற்கு அவ்வளவெல்லாம் வேண்டாம், 500, 600 டிகிரி போதும், கண்ணுக்கு அது மங்கலான சிவப்பாகத் தெரியும். வெயிலில் வைத்துச் சூடாக்கினால் அந்தச் சிவப்பு தெரியாது, நிழலான இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நன்றாகச் சிவக்கட்டும் என்று நெடுநேரம் விட்டாலும் கெடுதல்தான், படிகங்கள் பெருத்துப்போய், அடுத்து அடிக்கும்போது மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல் மாதிரி ஆகிவிடும். சூடானதைத் தண்ணீரில் முக்கலாமா என்று பலர் தயங்குகிறார்கள். சிவக்கக் காய்ச்சிய எஃகை முக்கினால் இறுகும், செம்பு இறுகாது. தாராளமாக முக்குங்கள். மேலே படிந்திருக்கும் கறுப்பு ஆக்சைடு செதில் செதிலாகத் தண்ணீரில் உரிந்து விழும், அடியில் செம்பின் இளஞ்சிவப்பு திட்டுத்திட்டாகத் தெரியும். மிச்சமிருக்கும் கறுப்பைச் சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறப்போட்டு எடுத்துவிடுங்கள், அப்படியே அடித்தால் செதில்கள் தகட்டுக்குள் பதிந்துவிடும்.

எப்போது நிறுத்த வேண்டும் என்பதைக் காதும் மணிக்கட்டும் சொல்லிவிடும். இளகிய தகட்டில் அடி விழும்போது சத்தம் மந்தமாக இருக்கும், சுத்தியல் அங்கேயே உட்காரும். இறுக இறுகச் சத்தம் கணீரென்று மாறி, சுத்தியல் துள்ளித் திரும்ப ஆரம்பிக்கும். அந்த மாற்றம் வந்ததும் நெருப்புக்குக் கொண்டுபோங்கள். இன்னும் ஒரே ஒரு சுற்று அடித்துவிடலாமே என்று மனம் சொல்லும், விளிம்பு வெடிப்பது பெரும்பாலும் அந்தச் சுற்றில்தான்.

அகலமாவது ஏன் என்றால், தகடு அடியில் தாங்கும் இரும்பைத் தொடுகிற புள்ளியிலேயே நீங்கள் அடிக்கிறீர்கள். இரண்டு இரும்புக்கு நடுவில் நசுங்கும் செம்பு மெலிந்து பரவத்தானே செய்யும். தொடும் புள்ளிக்குச் சற்று மேலே, தகட்டுக்கும் இரும்புக்கும் நடுவில் இடைவெளி இருக்கும் இடத்தில் அடி விழ வேண்டும். அப்போது தகடு அந்த இடைவெளிக்குள் இறங்கும், சுற்றளவு சுருங்கும், பாத்திரம் எழும்பும். அடிப்பகுதியிலிருந்து ஆரம்பித்து வட்டம் வட்டமாக விளிம்பு வரை வாருங்கள், ஒரு முழுச் சுற்று முடிந்ததும் நெருப்பு. அடி எங்கே விழ வேண்டும் என்று கவராயத்தால் தகட்டில் போட்ட வட்டங்கள் நெருப்பில் அழிந்துவிடும், ஒவ்வொரு முறையும் மறுபடி போட வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் தவிர்க்காதீர்கள், கோடில்லாமல் அடித்தால் பாத்திரம் ஒரு பக்கமாகச் சாயும்.

விளிம்பில் அலை அலையாக மடிப்பு வரும். சின்னதாக இருக்கும்போதே கொட்டாப்புளியால், அதாவது மரச்சுத்தியலால், தட்டி அமுக்கிவிடுங்கள். ஒரு மடிப்பு தன்மேலேயே படுத்துவிட்டால் அந்த இடத்தில் வெடிப்பு நிச்சயம். வட்டத்தை வெட்டியதும் ஓரத்தை அரத்தால் நன்றாக ராவினீர்களா? கத்திரி விட்டுப்போகும் சின்னப் பிசிறிலிருந்துகூட வெடிப்பு கிளம்பும். சுத்தியலின் முகத்தையும் பாருங்கள், அதில் ஒரு கீறல் இருந்தால் அடிக்கு அடி தகட்டில் அது பதியும்.

குடத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். கழுத்தைச் சுருக்குவது தேர்ந்தவர்களுக்கே கஷ்டமான வேலை. ஒரு மில்லிமீட்டர் கனத் தகட்டில் 15 சென்டிமீட்டர் வட்டம் வெட்டினால், ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் வாயும் 5 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள கிண்ணம் வரும். வாயின் அகலத்தையும் ஆழத்தையும் கூட்டினால் வட்டத்தின் விட்டம் தோராயமாகக் கிடைத்துவிடும். அந்த ஒரே கிண்ணத்தைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். பித்தளைப் பக்கம் இப்போது போகாதீர்கள், செம்பளவுக்கு அது விட்டுக்கொடுக்காது.

குரு விஷயம். பஞ்சாபில் ஜண்டியாலா குரு என்ற ஊரின் தட்டேராக்கள் செம்பிலும் பித்தளையிலும் பாத்திரம் அடிக்கும் கைத்தொழிலை யுனெஸ்கோ 2014-இல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அங்கே அது அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வாய்வழியாகவே வந்திருக்கிறது. அப்படி வளர்ந்தவர்களுக்கு ஒரு பெரிய அனுகூலம் உண்டு, தகடு இறுகும் சத்தம் நடக்கப் பழகும் வயதிலிருந்தே காதில் விழுந்திருக்கும். அந்தக் காதை 40 வயதிலும் பழக்கிக்கொள்ளலாம், நேரம் அதிகமாகும், அவ்வளவுதான். ஆனால் ஒரு பட்டறையில் சில நாட்களாவது உட்கார்ந்து பாருங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். போனால் சுத்தியல் பிடித்த கையைப் பார்க்காதீர்கள். இடது கையைப் பாருங்கள். அடி ஒரே இடத்தில் ஒரே வேகத்தில் விழுந்துகொண்டிருக்கும், தகட்டை ஒவ்வோர் அடிக்கும் விரற்கடைக்கும் குறைவாகத் திருப்பி, சாய்வை மாற்றி, அடிக்கு அடியில் கொண்டுவந்து நிறுத்துவது அந்த இடது கைதான். நான் பார்த்த கைகாரர்கள் எல்லோரும் பேசிக்கொண்டே அடித்தார்கள், இடது கை ஒருமுறைகூடத் தயங்கவில்லை.

காதுக்கு அடைப்பான் போட்டுக்கொள்ளுங்கள், இதில் சமரசம் வேண்டாம். பெர்னார்டினோ ராமஸினி என்ற இத்தாலிய மருத்துவர் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, நாளெல்லாம் செம்பு அடிப்பவர்களின் காது கெட்டுப்போவதை எழுதிவைத்திருக்கிறார். அடைப்பான் போட்டாலும் சத்தம் மாறுவது தெரியும், கைக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

சாப்பிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். புளிப்பானது எதையும் வெறும் செம்பில் வைக்கக் கூடாது, செம்பு கரைந்து உணவில் இறங்கும். உள்ளே வெள்ளீயம் பூசினால் பயன்படுத்தலாம். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும், நவச்சாரம் என்ற உப்பைத் தூவி, சூடான செம்பின் மேல் துணியால் இழுத்துப் பூசுவார்கள். காரீயம் கலக்காத சுத்தமான வெள்ளீயமாக இருக்க வேண்டும், கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். நவச்சாரப் புகை நெஞ்சை அடைக்கும், அதனால் முதல் கிண்ணத்துக்கு இதை நீங்களே செய்ய வேண்டாம், பூசத் தெரிந்தவரிடம் கொடுத்துவிட்டு, காற்று வரும் பக்கமாக நின்று பாருங்கள்.