ஷெட் வாடகையை ஒரு பீஸுக்கு எவ்வளவு ஏற்றுவது? நிலையான ஓவர்ஹெட் (உற்பத்தி கூடினாலும் குறைந்தாலும் மாறாத பொதுச் செலவு) கேள்வி பதில்

கேள்வி: கப்பலூரில் ரப்பர் மோல்டிங் யூனிட் வைத்திருக்கிறேன் சார். மூன்று பிரஸ். ஷெட் வாடகை, தேய்மானம், சூப்பர்வைசர் சம்பளம் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 18 லட்சம். போன வருஷம் 4,500 மணி நேரம்தான் ஓடியது. மணிக்கு 400 ரூபாய் போட்டு விலை சொன்னால் பார்ட்டி திரும்பி வருவதில்லை. எங்கே தப்பு?

பதில்: வகுக்கிற எண்ணில். ஓடிய மணியால் வகுக்காதீர்கள். வழக்கமாக ஓடக்கூடிய மணியால் வகுங்கள். மூன்று பிரஸ், நாளுக்கு 8 மணி, 300 நாள்: 7,200. மோல்டு மாற்ற, சர்வீஸ் பார்க்க 1,200 போனால் 6,000. ஆக மணிக்கு 300 ரூபாய். பிரஸ்ஸில் 6 நிமிடம் இருக்கும் ஒரு ரப்பர் புஷ்ஷுக்கு (உருளை வடிவப் பாகம்) 30 ரூபாய் ஏறும்; நீங்கள் 40 ஏற்றியிருக்கிறீர்கள். அந்த 10 ரூபாய் புஷ்ஷின் செலவே இல்லை, பிரஸ் சும்மா நின்ற செலவு. அதை வாடிக்கையாளர் தலையில் கட்டினால் ஆர்டர் குறையும், ஓடும் மணி குறையும், அடுத்த வருஷம் ரேட் இன்னும் ஏறும்.

4,500 மணிக்கு 13.5 லட்சம் ஏறுகிறது. மீதி 4.5 லட்சத்தை அந்த வருஷ லாப நஷ்டக் கணக்கிலேயே எழுதுங்கள். கையிருப்புச் சரக்கின் மதிப்பிலும் அதை ஏற்றக் கூடாது. சரக்கு மதிப்பீட்டுக்கான இந்தியக் கணக்கியல் தரநிலைகளான ஏஎஸ் 2, இண்ட் ஏஎஸ் 2 இரண்டும் அதையே சொல்கின்றன. அந்தத் தொகை தனி வரியாகக் கண்ணில் பட்டால்தான் புது ஆர்டர் தேடவோ, ஒரு பிரஸ்ஸை வாடகைக்கு விடவோ யோசிப்பீர்கள்.

கேள்வி: ஜெய்ஹிந்த்புரத்தில் அப்பளம் போடுகிறோம் அண்ணே. ஐப்பசி, கார்த்திகை மழையில் காயவைக்க முடியாமல் உற்பத்தி பாதியாகிவிடும். மாதாமாதம் ரேட் போட்டால் அந்த இரண்டு மாதமும் அடக்கவிலை எங்கேயோ போய்விடுகிறது.

பதில்: மாத ரேட்டை விட்டுவிடுங்கள் அம்மா. மழை வருஷா வருஷம் வருவதுதானே, அதுவும் வழக்கமான நிலைமையில் சேர்த்திதான். நிலையான செலவு மாதம் 40,000 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 4.8 லட்சம். மழை மாதங்களையும் சேர்த்து, சில வருஷ சராசரி 24,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 20 ரூபாய். எல்லா மாதமும் அதே 20. சித்திரை வெயிலில் கூடுதலாக ஏறுவது கார்த்திகைக் குறைவை ஈடுகட்டிவிடும். அப்பளம் தேய்க்கிற பெண்களுக்குக் கிலோ கணக்கில் தரும் கூலியை இதில் சேர்க்காதீர்கள், அது உற்பத்தியோடு கூடிக் குறைவது.

கேள்வி: கரண்ட் பில் எதில் சேரும்?

பதில்: பில்லைப் பிரித்துப் பாருங்கள். கிலோவாட் கணக்கில் வரும் நிலைக் கட்டணம் மெஷின் நின்றாலும் உண்டு, அது இந்த நிலையான ஓவர்ஹெட்டில் வரும். யூனிட் கட்டணம் வராது.

கேள்வி: சிஎம்ஏ (அடக்கவிலைக் கணக்காளர் படிப்பு) இண்டர் படிக்கிறேன் சார், தல்லாகுளம். பட்ஜெட் 18 லட்சம், 6,000 மணி. நடந்தது 18.6 லட்சம், 5,700 மணி. அண்டர் அப்சார்ப்ஷன் (உற்பத்தியில் ஏறாமல் விடுபட்ட ஓவர்ஹெட்) எவ்வளவு, ஏன்?

பதில்: ரேட் 300, ஏறியது 17.1 லட்சம், குறைவு 1.5 லட்சம். இதோடு நிறுத்தாதே தம்பி, பிரித்துக் காட்டு. செலவு கூடியதால் 60,000. 300 மணி குறைந்ததால் 90,000. முதலாவதற்குச் செலவு செய்தவர் பதில் சொல்ல வேண்டும், இரண்டாவது ஆர்டர் பிடிப்பதையும் மெஷின் ஓட்டத்தையும் சேர்ந்தது.

கேள்வி: எவர்சில்வர் பாத்திரப் பட்டறை. ஒரே ஒரு ஆர்டர், அடக்கவிலைக்கும் கீழே கேட்கிறார்கள். எடுக்கலாமா?

பதில்: மெஷின் சும்மா இருக்கிறதென்றால் ஓவர்ஹெட் ரேட்டை ஒதுக்கி வையுங்கள். தகடு, கூலி, யூனிட் கட்டணம், பாலிஷ் போக மிஞ்சுவது உங்களுக்கு லாபமே. வாடகை எப்படியும் கட்டத்தான் போகிறீர்கள். வழக்கமான பார்ட்டிக்கு இந்த விலை தெரிந்தால் அவரும் கேட்பார், அதை யோசித்துக்கொள்ளுங்கள். பட்டறை முழுக்க ஓடும்போது வந்தால் கணக்கு வேறு: இதற்காக எந்த ஆர்டரைத் தள்ளிவைக்கிறீர்களோ, அதில் போகிற லாபத்தையும் இதன் செலவாகச் சேர்த்துப் பாருங்கள்.