1960களில் ஐரோப்பாவில் இத்தனை மலிவான ஜேம்ஸ் பாண்ட் நகல் படங்கள் வந்தது எப்படி?
முக்கியக் காரணம் கூட்டுத் தயாரிப்பு. இத்தாலி, ஸ்பெயின், பிரான்ஸ், மேற்கு ஜெர்மனித் தயாரிப்பாளர்கள் செலவைப் பங்குபோட்டுக்கொண்டார்கள். 1964-ல் பாண்ட் படமான 'கோல்ட்ஃபிங்கர்' வசூலை அள்ளியதும், புராண வீரர் படங்களை எடுத்துவந்த ரோம் தயாரிப்பாளர்கள் பலர் உளவாளிக் கதைகளுக்குத் தாவினார்கள். எப்படியும் பிறகு டப்பிங்தான். அதனால் நடிகர்கள் ஆளுக்கொரு மொழியில் பேசினாலும் பாதகமில்லை.

இவற்றில் எனக்கு மிகப் பிடித்தது, 1967-ல் ஆல்பெர்தோ தெ மார்த்தினோ இயக்கிய 'ஓகே கானரி'. நாயகன் நீல் கானரி, பாண்டாக நடித்த ஷான் கானரியின் சொந்தத் தம்பி! எடின்பரோவில் சுவர்ப்பூச்சு வேலை பார்த்தவர். பாண்ட் படங்களில் பாண்டின் மேலதிகாரி எம் ஆக வந்த பெர்னார்ட் லீ, அவருடைய செயலாளர் மணிபென்னியாக வந்த லோயிஸ் மேக்ஸ்வெல் இருவரும் இதிலும் இருக்கிறார்கள். இதன் வில்லன், 'தண்டர்பால்' என்ற பாண்ட் படத்திலும் வில்லனாக வந்த அடோல்ஃபோ சேலி. இசை என்னியோ மோரிக்கோனே, புரூனோ நிக்கோலாய். அந்த இசைக்காகவே படத்தை ஒருமுறை பாருங்கள்.